அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்ததா, அணைந்ததா?

கேள்வி: 'தி அலாரம் வென்ட் ஆஃப் அட் ஃபைவ்' என்ற வரிக்கு, 'ஐந்து மணிக்கு அலாரம் நின்றுவிட்டது' என்று ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் பொருள் எழுதினான். தவறு என்று ஆசிரியர் சுழித்துவிட்டார். ஆஃப் என்றால் அணைவதுதானே?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: விளக்குக்கு அப்படித்தான். 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்குகள் அணைந்தன. ஆனால் அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்தது, வெடிகுண்டு என்றால் வெடித்தது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பால் 'வென்ட் ஆஃப்' என்றால் கெட்டுப்போனது. உங்கள் மகன் கோ, ஆஃப் இரண்டுக்கும் தனித்தனியே பொருள் பார்த்துக் கூட்டியிருக்கிறான். வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட், ஆன் போன்ற சிறுசொல் ஒட்டி, இரண்டும் சேர்ந்து ஒரே வினையாக நிற்பதுதான் ஃப்ரேசல் வெர்ப். சேர்த்துத்தான் பொருள் பார்க்க வேண்டும்.

இதைத் தமிழை வைத்தே அவனுக்குப் புரியவைக்கலாம். 'நண்பனைக் கைவிட்டான்' என்றால் கையை எதற்குள்ளோ விட்டான் என்று எந்தப் பிள்ளையும் நினைப்பதில்லை. கைகொடுத்தான், கைப்பற்றினான், கைகழுவினான் எல்லாமே முழுச்சொல்லாகத்தான் மனதில் பதிந்திருக்கின்றன. நம் மொழியில் 'கை' அப்படியே நிற்க, வினை மாறுகிறது. ஆங்கிலத்தில் வினை அப்படியே நிற்க, சிறுசொல் மாறுகிறது. லுக் ஆஃப்டர் என்றால் கவனித்துக்கொள், லுக் ஃபார் என்றால் தேடு, லுக் டவுன் ஆன் என்றால் இளக்காரமாக நினை.

சிறுசொல்லிலிருந்து பொருளை ஊகிக்கவே முடியாதா? ஓரளவு முடியும். யூஸ் அப், ஈட் அப் ஆகியவற்றில் 'அப்' வேலை முழுதாக முடிந்ததைக் காட்டுகிறது. தீர்த்துவிடு, சாப்பிட்டு முடி என்பதில் நம் 'விடு', 'முடி' செய்கிற வேலை அது. ஆனால் 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். அங்கே இந்த ஊகம் எடுபடாது. படிக்கும்போது ஊகிக்கலாம்; எழுதும்முன் அகராதியைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: 'டர்ன் ஆஃப் தி ஃபேன்', 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. 'டர்ன் ஆஃப் இட்' மட்டும் ஏன் தவறு?
– எட்டாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

பதில்: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'டர்ன் இட் ஆஃப்' என்னும்போது அழுத்தம் ஆஃப் மேல் விழுகிறது. எதை என்பது ஏற்கெனவே தெரிந்ததால் 'இட்' அழுத்தமில்லாமல் நடுவில் ஒதுங்குகிறது. பிரியக்கூடிய வினைகளில் இட், ஹிம், ஹெர், தெம் எல்லாமே நடுவில்தான் வரும். மாறாக, பெயர் நீண்டுவிட்டால் அதை நடுவில் திணிக்காமல் ஆஃப்புக்குப் பின்னால் வையுங்கள்.

எல்லா வினையும் இப்படிப் பிரியாது. 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதே சரி, 'லுக் ஹெர் ஆஃப்டர்' தவறு. எது பிரியும் என்பதை மாணவர்களுக்கான ஆங்கில அகராதியே காட்டிவிடும். வினைச்சொல்லின் பதிவில் கடைசிப் பகுதிக்குப் போங்கள். 'டர்ன் சம்திங் ஆஃப்' என்று நடுவில் இடம் விட்டிருந்தால் பிரியும். 'லுக் ஆஃப்டர் சம்பாடி' என்று கடைசியில் இருந்தால் பிரியாது.

இன்னொன்று: 'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று பேசிப் பழகியதால் பலர் 'ஆஃப் தி ஃபேன்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆஃப் இங்கே வினை அல்ல. டர்ன் அல்லது ஸ்விட்ச் சேர்ந்தால்தான் வாக்கியம் நிற்கும்.

கேள்வி: கடிதத்தின் முடிவில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கூடாது, 'டு மீட்டிங் யூ' என்பதே சரி. 'டு' வந்த இடத்துக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்' பொருந்துகிறதல்லவா? அப்படிப் பொருந்தினால் வினைக்கு 'இங்' சேர்க்க வேண்டும். இதோடு, 'கோப் அப் வித்' என்று எழுதும் பழக்கமும் இருக்கிறது. 'கோப் வித்' போதும், அப் தேவையில்லை.

கேள்வி: கெட் அப், கெட் ஆன், கெட் ஓவர் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். என்ன செய்வது?
– ஓர் ஆசிரியை, சேலம்

பதில்: ஒரே வினையில் தொடங்குபவற்றை ஒரே நாளில் கொடுப்பதால்தான் குழப்பம். சூழலை வைத்துப் பிரித்துக் கொடுங்கள். காலையில் எழுவதற்கு வேக் அப், கெட் அப், சட்டை போட புட் ஆன். பேருந்து என்றால் ஏற கெட் ஆன், இறங்க கெட் ஆஃப். வாரத்துக்கு ஐந்து போதும். குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் மாணவர் தானே எழுதிய ஒரு வாக்கியமும், முழுவினைக்கான தமிழ்ச்சொல்லும் இருக்கட்டும். பிரியும் வினையானால் 'இட்' வைத்து இன்னொரு வாக்கியம். இறந்தகாலத்தில் கிவ் அப், 'கேவ் அப்' ஆகும். மாறுவது வினை மட்டுமே என்பதையும் அப்போதே காட்டிவிடலாம். மூன்று நாள் கழித்துச் சிறுசொல்லை மட்டும் விரலால் மறைத்துக் கேளுங்கள். தடுமாறுகிற சொல்லை அடுத்த வாரத்து ஐந்தில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.