சொம்பிக்குத் தீ வைத்தால் எரியுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, படங்களில் பந்தத்தை ஒரு முறை நீட்டினாலே சொம்பி, அதுதான் எழுந்து நடக்கும் பிணம், முழுசாகப் பற்றி எரிந்து விழுந்துவிடுகிறது. நிஜத்தில் செத்த உடம்பு அவ்வளவு லேசாக எரியுமா? எங்கள் தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு)ப் பையன்களுக்குள் இதுதான் இப்போது பெரிய வாதம்.
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: எரியாது தம்பி. முதலில் எரிவது உடுப்புதான்.

மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். 60 கிலோ ஆளுக்குள் கிட்டத்தட்ட 35 லீற்றர் இருக்கும். தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் சூட்டைப் போல ஆறு மடங்குக்கு மேல் வேண்டும், அதை ஆவியாக்கித் தீர்க்க. அந்த ஈரம் போகாமல் சதை எரியாது. மின்தகன மேடையில் 800 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வைத்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நம் தோட்டத்துச் சுடுகாட்டில் மழை நாளில் சிதை மூட்டியவர்களைக் கேளுங்கள், கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) எத்தனை கட்டு போனது என்று சொல்வார்கள். காமன் கூத்தில் மன்மதன் நொடியில் சாம்பலாவது நெற்றிக்கண் நெருப்பில். பந்தத்துக்கு அந்த வலு கிடையாது.

கொழுப்பு மட்டும் வேறு கதை. அது உருகி, கருகிய துணியில் ஊறினால் திரி போட்ட விளக்காக நின்று எரியும். 1998இல் ஜோன் டிஹான் என்ற அமெரிக்கத் தீ ஆய்வாளர் செத்த பன்றியைப் போர்வையில் சுற்றிப் பற்றவைத்துப் பார்த்தார். சின்னச் சுவாலையோடு பல மணி நேரம் எரிந்தது. காய்ந்து வற்றிய சொம்பி என்றால் கொஞ்சம் சீக்கிரம் பிடிக்கும். நம் நுவரெலியாப் பக்கத்து ஈர மண்ணிலிருந்து எழுந்து வந்ததை எரிப்பது பெரும்பாடு.

அப்புறம், வலி தெரியாதது நெருப்போடேயே நடக்கும். சூட்டில் தசை சுருங்கி, கைகால் மடங்கின பிறகுதான் விழும். அதற்குள் அது லயத்துக்குள் நுழைந்தால்? ஒரே கூரை, ஒரே வரிசை. ஒரு காம்பராவில் பிடித்தால் அடுத்த காம்பராவுக்குத் தாவ எவ்வளவு நேரம்! பையன்களிடம் சொல்லுங்கள், பந்தத்தைக் கீழே போடட்டும்.

தோட்ட ஆஸ்பத்திரியில் நான் மருந்து கட்டிய தீக்காயங்களில் பெரும்பாலானவை உடுப்பில் பிடித்த தீயால் வந்தவை. அடுப்படியில் நைலக்ஸ் சேலை, சாய்ந்த குப்பி லாம்பு (போத்தலில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கு), சிந்திய மண்ணெண்ணெய். நைலோன் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்க்கவே கூடாது. இந்தக் குப்பி லாம்பைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையாக, பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு ‘சுதீப’ விளக்கைச் செய்தார். சாய்ந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. என்னைக் கேட்டால் அது போதாது.

உடுப்பில் தீ பிடித்தால் ஓட விடாதீர்கள். தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள், கனத்த கம்பளியால் மூடி அணையுங்கள். பற்பசை, மை எதுவும் பூச வேண்டாம். காயத்தில் 20 நிமிடம் பீலித் (குழாயில் வந்து விழும்) தண்ணீர் ஓடட்டும். நம் பீலித் தண்ணீர் சில்லென்று இருக்கும், அதனால் பிள்ளைகளுக்கு மற்ற உடம்பைப் போர்த்திவிட்டுக் காயத்தில் மட்டும் விடுங்கள். பிறகு உடனே ஆஸ்பத்திரிக்கு.