பழைய படத்தைத் துலக்குவதும் புதிய முகம் வரைவதும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டை விருந்தினர் தங்கும்படி செப்பனிட்டு வருகிறோம். எங்கள் ஐயாவை (அப்பாவின் அப்பாவை)ப் பெற்றவர்களின் சாந்திக் கல்யாணத்தன்று (அறுபதாம் கல்யாணம்) எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். ஏ.ஐ. மூலம் சரிசெய்து, கலரும் போட்டுத் தந்தார்கள். பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அப்பத்தா பார்த்ததும், "இது எங்க மாமியா முகமே இல்லை, கழுத்திருவும் இப்படி இருக்காது" என்று சொல்லிவிட்டார். கழுத்திரு என்பது எங்கள் பக்கத்துத் தாலி நகை. என் மகனோ, அந்தக் காலத்திலேயே போட்டோ மேல் வர்ணம் தீட்டினார்கள், இது மட்டும் என்ன தப்பு என்கிறான். வீட்டுப் படங்களிலும் மின்கம்பியை அழித்து, வானத்தை மாற்றி வெளியிடலாம் என்கிறான். எதுவரை செய்யலாம்?

மெ., காரைக்குடி

*

அன்புள்ள மெ. அவர்களுக்கு,

அப்பத்தா சொன்னதுதான் சரி. அவர் பார்த்தது வேறொரு பெண்ணின் முகம்.

முகத்தைத் தெளிவாக்கித் தரும் மென்பொருள்கள் மங்கிய முகத்தில் இருப்பதைத் துலக்குவதில்லை. ஜி.எஃப்.பி.கேன் போன்றவை எஃப்.எஃப்.எச்.க்யூ. என்ற தொகுப்பை வைத்துப் பழக்கப்பட்டவை. ஃப்ளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகப் படங்கள் அதில் உண்டு. உங்கள் படத்தில் முகம் 60 பிக்சல் அகலமும் உயரமும் என்றால், மென்பொருளின் கையில் இருப்பது 3,600 புள்ளிகள். அது திருப்பித் தருவது 512க்கு 512, அதாவது 2,62,144 புள்ளிகள். இடைவெளி முழுவதையும் அந்த 70,000 முகங்களிலிருந்து கற்ற ஊகம்தான் நிரப்புகிறது. காது வளர்த்த அந்தத் தலைமுறைப் பெண்களின் தொங்கும் மடல்கள் அத்தகைய தொகுப்பில் அரிது. ஆகவே மடலைச் சுருக்கிவிடும், அல்லது முடிக்குள் மறைத்துவிடும். கழுத்திருவின் உருப்படிகளுக்குத் தனித்தனி வடிவம் உண்டு என்பது அதற்குத் தெரியாது. மங்கலாகத் தெரிந்த உருக்களை ஏதோ மணிமாலையாக உருட்டிவிடுகிறது. அப்பத்தாவின் கண் முகத்தோடு நிற்காமல் கழுத்துக்கும் போனது இதனால்தான்.

மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. படத்தில் கைவைப்பது கம்ப்யூட்டரோடு வந்த வழக்கமல்ல. 1857இலேயே ஆஸ்கர் ரெய்லாண்டர் 30க்கும் மேற்பட்ட நெகடிவ்களை இணைத்து ஒரே காட்சியாக அச்சிட்டார். நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் தனித்தனியாக எடுத்த கணவன் மனைவி படங்களை வெட்டி ஒட்டி, மறுபடி படமெடுத்து, ஜோடியாகத் தந்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் சட்டம் போட்டுச் சாய்த்து மாட்டிய வர்ணப் படங்களில் பலவற்றுக்கு அடியில் போட்டோ இருக்கிறது. ஆனால் அங்கே தூரிகைத் தடம் கண்ணுக்குத் தெரியும். சேலை என்ன நிறம், நகை எது என்று வீட்டாரைக் கேட்டுத் தீட்ட முடிந்தது. பார்ப்பவரும் அதை வர்ணம் தீட்டிய படம் என்று தெரிந்தேதான் பார்த்தார். உங்கள் கையில் இருப்பதில் யாரையும் கேட்கவில்லை, தடமும் இல்லை. தோல் துளை வரை காட்டி, இதுவே கேமரா கண்டது என்று நம்ப வைக்கிறது. என் மறுப்பு இந்த இடத்தில்தான்.

நான் வைத்திருக்கும் அளவு எளியது. பதிவான ஒளியையே கூட்டிக் குறைத்துக் காட்டுவது துலக்கல். பதிவாகாததை வெளியிலிருந்து கொண்டுவந்து வைப்பது புனைவு. புனைவு குற்றமல்ல, அதைப் பதிவென்று தருவதுதான் குற்றம். 1982இல் நேஷனல் ஜியாகிரஃபிக் தன் அட்டைக்காக கீசா பிரமிடுகளை நெருக்கி வைத்ததற்கும், 2006இல் பெய்ரூட் படத்தில் புகையை நகலெடுத்துப் பெருக்கிய புகைப்படக்காரரை ராய்ட்டர்ஸ் விலக்கியதற்கும் இதே அளவுதான்.

இனி உங்கள் படத்தை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். மூலப்படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடிக்கு மேலாகப் படமெடுப்பதே நல்லது. ஒட்டாமல் இருந்தால் வெளியே எடுத்து, பட்டுப்போன்ற பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது, பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.

ஸ்கேன் செய்வதென்றால் தபால் அட்டை அளவுப் படத்துக்கு 1200 டி.பி.ஐ., ஏ4 அளவுக்கு 600 போதும். அட்டை அளவுப் படத்தில் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள முகம் 1200இல் ஏறத்தாழ 236 பிக்சலாக வரும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய செல்போன் படத்தை வைத்து வேலை செய்தால் இதில் சிறு பங்குகூட மிஞ்சாது. மென்பொருள் இவ்வளவு ஊகிக்க நேர்வதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஸ்கேனரில் ஷார்ப்பனிங், தூசி நீக்கம் போன்ற தானியங்கி வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள்.

படம் கறுப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்வது பலரும் செய்யும் பிழை. கலரிலேயே செய்யுங்கள். மஞ்சள், பழுப்புக் கறைகள் நீல ஒளியை விழுங்குகின்றன. அதனால் ஸ்கேனின் நீலச் சேனலில் (நீல ஒளியை மட்டும் காட்டும் அடுக்கில்) கறை கறுத்துத் தெரியும், சிவப்புச் சேனலில் பெரும்பாலும் மறைந்தே போகும். சிவப்புச் சேனலை மட்டும் எடுத்தால், எதையும் வரையாமல் பாதிக் கறை போய்விடும். ஆனால் கறை இல்லாமல் படமே மஞ்சளாக வெளுத்திருந்தால் கதை தலைகீழ்: அங்கே உருவம் நீலச் சேனலில்தான் அழுத்தமாக இருக்கும். இரண்டையும் தனித்தனியே திறந்து பாருங்கள். நிழல் பகுதிகளில் வெள்ளி மினுமினுப்பு இருந்தால் ஸ்கேனர் அதைப் பனிமூட்டமாகவே காட்டும். அப்போது கேமராவில் நகலெடுங்கள்: இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, விளக்குகளின் முன் போலரைசர் (ஒளியை ஒரே திசை அதிர்வாக வடிகட்டும்) தாள், லென்ஸில் இன்னொரு போலரைசரை அதற்குக் குறுக்காகத் திருப்புங்கள். மினுமினுப்பு அடங்கி உருவம் மேலே வரும்.

அதன்பின் தூசியும் கீறலும். இதைத் தனி லேயரில் (மூலத்தைத் தொடாத மேலடுக்கில்) செய்ய வேண்டும். பின்னணித் திரை, தரை, வேட்டியின் வெறுமை ஆகிய இடங்களில் ஹீலிங் பிரஷ் (சுற்றியிருப்பதைக் கொண்டு கீறலை மூடும் கருவி) தாராளமாகப் போகலாம். கண், மூக்கு, வாய், காது, கை, நகை ஆகிய இடங்களில் ஒற்றைக் கீறலுக்கு மேல் போக வேண்டாம். பூஞ்சை முழுவதுமாகத் தின்ற இடத்தைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத்தால் மட்டும் நிரப்புங்கள், பார்ப்பவர் கண் அங்கே தடுக்காமல் கடந்துபோகும். பாதிக் காது இல்லை என்றால் பாதிக் காது இல்லாமலே இருக்கட்டும்.

ஸ்டுடியோ என்னவெல்லாம் மாற்றியிருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். மூல ஸ்கேனை அடியிலும் அவர்கள் தந்ததை மேலேயும் வைத்து, இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கி, பிரஷ்ஷால் தொடப்படாத பின்னணியை வைத்துப் பொருத்துங்கள். மேல் லேயரை டிஃபரன்ஸ் முறைக்கு மாற்றுங்கள். ஒத்த இடம் கறுப்பாகும், மாறிய இடம் ஒளிரும். வெளிச்சத்தைக் கூட்டியது மட்டும் என்றால் படம் முழுவதும் பரவலாகச் சாம்பலாகத் தெரியும். கண்ணோரமும் கழுத்தும் மட்டும் கோடு கோடாக ஒளிர்ந்தால் அங்கே புதிதாக வரைந்திருக்கிறார்கள்.

கலர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன், போடவே வேண்டாம் என்பேன். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களின் நெகடிவ் பிளேட்டுகள் பல சிவப்பை உணராதவை. குங்குமம், மாணிக்கம், அரக்கு எல்லாம் கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். அரக்கும் கறுப்பும் கட்டமிட்ட கண்டாங்கிச் சேலை அந்தப் பிளேட்டில் ஒரே இருட்டு. அந்த இருட்டிலிருந்து நிறத்தை மீட்க எந்த மென்பொருளாலும் ஆகாது, தனக்குத் தோன்றியதைப் பூசும். அதே சேலை பெட்டியில் இருந்தாலோ, அப்பத்தாவுக்கு நிறம் நினைவிருந்தாலோ, அவர் சொல்லும் நிறத்தைக் கையால் போடச் சொல்லி அதைத் தனிப் பிரதியாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுப் படங்களுக்கு வருவோம். வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) வானம் கொளுத்தும்போது சுற்றுத் தாழ்வாரம் இருண்டு கிடக்கும். முக்காலியில் வைத்து இரண்டு ஸ்டாப் (ஒளியளவின் படி) இடைவெளியில் மூன்று முதல் ஐந்து எக்ஸ்போஷர் எடுத்து இணைப்பதில் தவறே இல்லை, அங்கே நிற்பவரின் கண் இரண்டையும் பார்க்கிறது. தேக்குத் தூண்கள் உள்நோக்கிச் சாய்வதை நிமிர்த்தலாம், கேமராவைச் சமமட்டத்தில் வைத்தாலே பாதி சரியாகிவிடும். ஆத்தங்குடித் தரையின் சிவப்பு சுவரிலும் விதானத்திலும் ஏறும். ஒரு கிரே கார்டு (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை) வைத்து முதல் படம் எடுத்துக்கொண்டால், சுண்ணாம்புச் சுவரின் வெண்மையைப் பிறகு ஊகிக்க வேண்டியிருக்காது. மொத்தச் சிவப்பையும் துடைத்துவிடாதீர்கள், அந்த அறை அப்படித்தான் இருக்கிறது.

மின்கம்பியை அழிப்பதை விளம்பரப் படத்தில் ஏற்பேன். மாற்றிய வானத்தை ஏற்கமாட்டேன், நிழல் விழும் திசை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எந்தத் திருத்தமும் செய்யாமலே ஏமாற்றவும் முடியும். 14 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் சிறிய அறை கல்யாணக் கொட்டகை போல் விரியும், வந்து இறங்கும் விருந்தினர் முகப்பிலேயே சுணங்கிவிடுவார். முழுச் சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். முகப்பின் சுதைச் சிற்பங்களில் உடைந்த கையை ஜெனரேட்டிவ் ஃபில் (ஏ.ஐ. வரைந்து நிரப்பும் வசதி) கொண்டு ஒட்டவே வேண்டாம். நாளை அதைச் செப்பனிட வரும் கொத்தனார் உங்கள் படத்தைப் பார்த்துத்தான் கஜலட்சுமியின் கையை எப்படிப் பிடிப்பது என்று முடிவு செய்வார்.

ஒரு வேலை அவசரம். ஸ்டுடியோவில் உங்கள் படத்தின் திருத்தாத ஸ்கேன் இன்னும் இருக்கலாம். கணினியில் இடம் வேண்டும் என்று அழிப்பதற்கு முன், இந்த வாரமே கேட்டு பென்டிரைவில் வாங்குங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து தரச் சொல்லுங்கள், ஸ்டுடியோ முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கக்கூடும். புதிதாக அச்சிடும் பிரதியின் பின்னால் யார் படம், எப்போது திருத்தியது, என்ன திருத்தியது என்று மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

அன்புடன்.