இரண்டாவது கை யாருடையது?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கபடி அணியில் ஒரு வழக்கு ஓடுகிறது. எங்கள் ரைட் கவர், அதாவது வலப்பக்கம் ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் நின்று தடுக்கிறவர், ஆறு வருஷமாக அதே இடத்தில்தான் நிற்கிறார். ஓர் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி எடுப்பார், மிஞ்சினால் இரண்டு. மைக்கில் பேர் கேட்பதெல்லாம் பாடிப் போகிற ரைடருக்கும் வலது ஓரத்தில் நிற்கிற ரைட் கார்னருக்கும்தான். போன மின்னொளிப் போட்டியில் சிறந்த கேட்சர் பரிசும் கார்னருக்கே போனது. எங்களில் பாதிப் பேர், "கவர் இல்லாவிட்டால் கார்னருக்குப் பிடியே விழாது, இந்த வட்டாரத்திலேயே இவர்தான் சிறந்த கவர்" என்கிறோம். மறுபாதி, "கார்னர் பிடித்த ஆள் மேல் போய் விழுகிறதெல்லாம் ஒரு வேலையா? அரையிறுதியில் இரண்டு தடவை கார்னரோடு சேர்ந்து அவரும் வெளியே போனாரே" என்கிறது. உண்மையிலேயே அவரைக் குறைத்து மதிப்பிடுகிறோமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மேலூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

ஆமாம், குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் வட்டாரத்திலேயே சிறந்தவர் என்பதற்கு உங்கள் கையில் கணக்கு எதுவும் இல்லை. மறுபாதி சொல்லும் அந்த இரண்டு அவுட்டையும் ஒதுக்கிவிட முடியாது.

ஒரு ரைடரை நாலு பேர் சேர்ந்து அமுக்கினாலும் அணிக்குக் கிடைப்பது ஒரு புள்ளி. ஆள்வாரியாக எழுதும் இடத்தில் அது பிடியைத் தொடங்கியவர் பேரில் ஏறும். ஓரத்தில் பிடியைத் தொடங்குவது பெரும்பாலும் கார்னர். புரோ கபடியில் அதிகப் பிடிப்புள்ளி எடுத்திருக்கும் ஈரான்காரர் ஃபசல் அத்ராசலி லெஃப்ட் கார்னர்தான். ரைட் கவரில் நின்று பெரிய பேர் வாங்கிய சுர்ஜீத் சிங்கை எடுத்துக்கொண்டால், அவர் தானே பாய்ந்து பிடியைத் தொடங்குகிற ஆள். உங்கள் கவர் அந்த ரகம் இல்லை, கார்னர் தொடங்கியதை முடித்துக் கொடுக்கிறவர். இரண்டாவது கைக்கு நோட்டில் கட்டம் கிடையாது. ஆகவே அவருக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று வருவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அந்த இரண்டாவது கை எவ்வளவு பெறும் என்பதைக் களத்தின் அளவே சொல்லிவிடும். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து, ரைடர் தாண்டியே ஆக வேண்டிய பாக் லைன் 3.75 மீட்டர், போனஸ் லைன் 4.75 மீட்டர், கடைசிக் கோடு 6.5 மீட்டர். கணுக்கால் பிடிபட்டதும் ரைடர் நடுக்கோட்டைப் பார்த்துத்தான் விழுவார். பிடிபட்ட காலிலிருந்து நீட்டிய விரல் நுனி வரை சராசரி ஆளுக்கு 2.2 மீட்டர் என்று வையுங்கள். போனஸ் லைனில் கால் மாட்டினால் விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே இன்னும் இரண்டரை மீட்டர் கிடக்கிறது. நல்ல கார்னர் ஒற்றை ஆளாகவே இழுத்து வைத்துவிடுவார். பாக் லைனில் மாட்டினால் மிச்சம் ஒன்றரை மீட்டர். ரைடர் திரும்பி இன்னும் ஒரு மீட்டர் வந்த பிறகு மாட்டினால், அதாவது 2.75 மீட்டரில், மிச்சம் அரை மீட்டர்தான். ஓர் உதறலில் கை கோட்டில் பட்டுவிடும். அந்த அரை மீட்டரில் உடம்பைக் கொண்டுபோய் வைப்பவர் கவர். உங்கள் கார்னர் எங்கே நின்று காலைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். பாக் லைனுக்கு முன்னால் போய்ப் பிடிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தால், அந்தத் துணிச்சல் பக்கத்தில் நிற்கிற கவரை நம்பி வந்தது. பரிசில் பாதி கவருக்குச் சேர வேண்டும்.

அந்த இரண்டு அவுட்டுக்கு வருகிறேன். ரைடர் கோட்டைத் தொட்டுவிட்டால் அந்தப் பிடியில் அவர்மேல் பட்ட எல்லாரும் வெளியே. கவர் உள்ளே போகாமல் நின்று கார்னர் மட்டும் தவறவிட்டால் எதிரணிக்கு ஒன்று. கவரும் போய்த் தவறவிட்டால் இரண்டு. ஆகவே எப்போது போவது என்பதைப் போலவே எப்போது நிற்பது என்பதும் கவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கார்னரின் கைகள் கணுக்காலில் பூட்டாமல் பாதத்தில் வழுக்கிக்கொண்டிருக்கின்றன, ரைடரின் இடுப்பு கவரைத் தாண்டிக் கோட்டுப் பக்கம் போய்விட்டது என்றால் அந்தப் புள்ளி போனதுதான். அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர் அணிக்கு ஓர் ஆளை மிச்சப்படுத்துகிறார். கூட்டம் அவரைத்தான் திட்டும், அது வேறு விஷயம். அரையிறுதி வீடியோ யாரிடமாவது இருந்தால், கார்னர் கை போட்ட நொடியில் நிறுத்தி ரைடரின் இடுப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கவருக்கு முன்னால் இருந்தால் அவர் போனது சரி, முடித்த விதம்தான் தப்பு. தாண்டியிருந்தால் போனதே தப்பு.

முடிக்கும்போது தப்பு நடப்பது பெரும்பாலும் மூன்று இடத்தில். பக்கவாட்டில் வந்து இடுப்பைச் சுற்றிப் பிடிப்பது முதலாவது. அப்போது ரைடர் விழுகிற வேகம் கவரையும் சேர்த்துக் கோட்டுக்கு இழுத்துப் போகும். வர வேண்டியது முன்னாலிருந்து, கோட்டுக்கும் ரைடருக்கும் நடுவில். இரண்டாவது, தடுப்பவர்கள் கைகோத்து நிற்கும் சங்கிலியில் கோத்திருந்த கையை விடத் தாமதிப்பது. கார்னருக்கும் கவருக்கும் நடுவில் நிற்கும் "இன்" என்கிற ஆள் விரல்களை இறுக்கிக் கோத்திருந்தால் கவர் பாய்கிற நேரத்தில் தோள் பின்னால் இழுபடும். விரல் கோக்காமல் உள்ளங்கையைக் கொக்கி மாதிரி மாட்டினால் சட்டென்று விடுபடும். மூன்றாவது நம் ஊர்க் களத்துக்கே உரியது. போட்டிக்கு முதல் நாள் கொட்டி நிரவிய செம்மண் தண்ணீர் தெளித்து இறுகாமல் இருந்தால் உந்துகிற கால் சறுக்கும். மேட் விரித்த களத்தில் ஷூவோடு பாய்கிற தூரத்தில் பாதிதான் அங்கே பாய முடியும். அரையிறுதி எந்தத் தரையில் நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் பாருங்கள்.

மறுபாதி கவனிக்காத வேலை ஒன்று உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ரைடர் லெஃப்ட் கார்னரைப் பார்த்து ஏறும்போது, ரைட் பக்கச் சங்கிலி முன்னால் நகர்ந்து அவர் திரும்புகிற வழியை அடைக்க வேண்டும். அதை இழுத்து வருவது ரைட் கவர். சங்கிலி வருகிறது என்று தெரிந்தாலே ரைடர் ஆழம் போக மாட்டார், பாக் லைனைத் தாண்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அது வெறும் ரைடு. அடுத்ததும் வெறும் ரைடானால் மூன்றாவது டூ ஆர் டை. 30 நொடிக்குள் புள்ளி எடுத்தே ஆக வேண்டிய ரைடர் ஏதோ ஓர் ஓரத்தில் காலைக் கொடுத்து மாட்டுவார். புள்ளி லெஃப்ட் கார்னர் பேரில் ஏறும். அதற்கு முந்தைய இரண்டு ரைடில் சங்கிலியை நகர்த்தியவர் பேர் எங்கேயும் இருக்காது.

ஆகவே நீங்களே ஒரு நோட்டுப் போடுங்கள். 20 நிமிடம், 20 நிமிடம் என்று ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொரு ரைடும் முழு 30 நொடி எடுத்தால் எதிரணிக்குச் சுமார் 40 ரைடு. ஒருவர் களத்தைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பாதி விட்டுப்போகும். எதிரணி ரைடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கவர் தானே பிடியைத் தொடங்கினாரா, இரண்டாவது கையாகப் போய் முடித்தாரா, இரண்டாவது கையாகப் போய்த் தவறவிட்டாரா, போக வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாரா, தொடுபட்டாரா, ரைடர் வெறுங்கையோடு திரும்பினாரா. சங்கிலி நெருக்கித் தள்ளியதால் கார்னர் தொடுகைக்கு முன்பே களத்தின் பக்கவாட்டு ஓரப் பட்டையான லாபியில் கால் வைத்து வெளியே போனால் அதைக் கவர் பேரில் குற்றமாக எழுதுங்கள். கார்னர் எந்தக் கோட்டருகே பிடித்தார் என்பதையும் ஓரமாகக் குறியுங்கள். இதே கணக்கை உங்கள் லெஃப்ட் கவருக்கும் எடுக்க வேண்டும். ஒப்பிட ஆள் இல்லாத கணக்கு டீக்கடைச் சண்டையைத் தீர்க்காது. ஓர் ஆட்டமும் போதாது. எதிரணி ரைடர் ஒரு பக்கமே ஏறுகிறவராக இருந்தால் கணக்கு சாய்ந்துவிடும். குறைந்தது மூன்று அணிகளோடு ஆடியதை எடுங்கள்.

நோட்டில் "போய்த் தவறவிட்டார்" அதிகமாக வந்தால் பயிற்சியில் சரிசெய்யலாம். கார்னர் காலைப் பிடித்த நிலையிலேயே ஆட்டத்தைத் தொடங்குங்கள். ரைடர் முதலில் பாதி பலத்தில் இழுக்கட்டும். கவர் இரண்டு எட்டு தள்ளி நின்று, கார்னர் குரல் கொடுத்ததும் முன்னால் வந்து அடைக்க வேண்டும். பார்வை ரைடரின் இடுப்பில் இருக்கட்டும், கையையோ முகத்தையோ பார்த்தால் பாச்சா காட்டிவிடுவார். தலை ரைடரின் விலாவுக்கு வெளியே இருக்க வேண்டும், முழங்காலுக்கு நேராகப் போனால் மூக்கு உடையும். போனஸ் லைனில் பத்து, பாக் லைனில் பத்து, அதற்கும் ஒரு மீட்டர் முன்னால் பத்து. கடைசிப் பத்தில் ரைடர் முழுப் பலத்தோடு இழுக்கட்டும். அதன் பிறகு சங்கிலியோடு அதே வரிசை. நடுவில் இரண்டு மூன்று தடவை கார்னர் வேண்டுமென்றே பிடியைத் தளர்த்திவிட்டும் குரல் கொடுக்கட்டும். அப்போது கவர் போகாமல் நிற்கிறாரா என்று பாருங்கள். இந்தப் பகுதியைப் பல அணிகள் செய்வதே இல்லை.

மாவட்டத் தேர்வு மாதிரி இடங்களுக்கு அவரை அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. அங்கே பக்கத்தில் நிற்கப்போவது முன்பின் ஆடியிராத கார்னர். முடித்துக் கொடுப்பதை மட்டும் நம்பிப் போகிற கவர் அந்த அரைமணி நேரத்தில் கண்ணுக்கே தெரிய மாட்டார். தானே தொடங்குகிற பிடி ஒன்றாவது கைவசம் வேண்டும். அவர் உடம்புக்கு எது வரும் என்று பார்த்து, ஓரத்தில் திரும்புகிற ரைடரைத் தோளால் அடித்து வெளியே தள்ளும் டேஷையோ, நேர் எதிரே மறிக்கும் பிளாக்கையோ இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். எடை குறைந்தவர் என்றால் பிளாக் வேண்டாம்.

மூன்று ஆட்டம் முடிந்ததும் நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். லெஃப்ட் கவர் பக்கத்தையும் மறக்காமல் சேர்த்து.