மகள் அனிமேஷன் படிக்க வேண்டும் என்கிறாள்: கட்டணம் கட்டும் முன்

செந்தூலிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

ஐந்தாம் படிவத்தில் அறிவியல் பிரிவில் படிக்கும் மகள், சூப்பர் ஹீரோ கார்ட்டூன் எடுக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள். “அவளுக்கு வரையவே வராதே, இதில் பிழைப்பு ஓடுமா?” என்பது உங்கள் கவலை. கவலை நியாயமானது. ஆனால் கேள்வி சற்று வேறு இடத்தில் இருக்கிறது.

இந்தத் துறை நம் வாசலிலேயே இருக்கிறது. 1998இல் கெலுவாங் மேன், 2011 முதல் போபோய்பாய், 2016 முதல் எஜென் அலி என்று மலேசியப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்த நாயகர்கள் இங்கேயே உருவானவர்கள். பின்னவை இரண்டும் முப்பரிமாணத் தொடர்கள். அப்படிப்பட்ட தொடரில் பென்சில் பிடித்து வரைகிறவர்கள் சிலர்தான்: கதாபாத்திரத்தையும் பின்னணியையும் வடிவமைப்பவர்கள், காட்சிகளைக் கோட்டுப் படங்களாக வரிசைப்படுத்தி ஸ்டோரிபோர்டு போடுகிறவர்கள். மற்ற எல்லாருக்கும் வேறு திறமை வேண்டும். அது என்ன என்று தெரிய, ஓர் அத்தியாயம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

22 நிமிட அத்தியாயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் என்றால் மொத்தம் 31,680 பிரேம். கதைச்சுருக்கம், திரைக்கதை, ஸ்டோரிபோர்டு முடிந்ததும் அந்தக் கோட்டுப் படங்களை வரிசையாக அடுக்கி, குரலையும் சேர்த்து, ‘அனிமேட்டிக்’ என்ற கச்சாப் படம் ஒன்றை வெட்டிப் பார்ப்பார்கள். முழு வேலையிலும் இதைவிட முக்கியமான கட்டம் இல்லை. அனிமேட்டிக் 24 நிமிடம் ஓடுகிறதா? இரண்டு நிமிடத்தை அங்கேயே வெட்டினால் செலவு ஏதுமில்லை. அனிமேஷன் முடிந்தபின் வெட்டினால், ஓர் அனிமேட்டர் நாளுக்கு 6 வினாடி முடிக்கிறார் என்று வைத்தால்கூட, 20 நாள் உழைப்பு குப்பைக்குப் போகும். அதே கணக்கில் முழு அத்தியாயத்துக்கு 220 ஆள்-நாள். 11 அனிமேட்டர்கள் இருந்தால் 20 வேலை நாள், ஏறக்குறைய ஒரு மாதம். கதை சொல்லும் நேரத்தை உணரத் தெரிந்த பிள்ளைக்கு எடிட்டிங்கில் இடம் உண்டு. எத்தனை பேர், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு விரட்டத் தெரிந்த பிள்ளைக்குத் தயாரிப்பு ஒருங்கிணைப்பில் இடம் உண்டு.

இப்போது ஒரே ஒரு ஷாட். நாயகன் மாடியிலிருந்து குதித்துத் தரையில் இறங்குகிறான். மூன்று வினாடி, 72 பிரேம். புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: பாதம் தரையைத் தொடும் பிரேமிலேயே உடம்பு முழுவதும் நின்றுவிடும். பார்த்தால் அட்டைப் பொம்மை விழுந்த மாதிரி இருக்கும். உண்மையில் பாதம் தொட்டபின்னும் இடுப்பு இன்னும் நாலைந்து பிரேம் கீழே இறங்க வேண்டும், முழங்கால் மடங்கிச் சுமையை வாங்க வேண்டும், தலை அதற்கும் பிந்தி வர வேண்டும். குதிக்கும் முன் கால் முழுக்க நீண்டால், ஒரு பிரேமில் முழங்கால் ‘டக்’கென்று சொடுக்கும், அதனால் காலைச் சற்று மடக்கியே வைப்பார்கள்.

அப்புறம் முதுகில் பறக்கும் அந்த மேலங்கி. சூப்பர் ஹீரோவுக்கு அழகே அதுதான், ஸ்டுடியோவுக்குத் தலைவலியும் அதுதான். துணியின் அசைவைக் கணினி கணித்துத் தரும். ஆனால் முதல் பிரேமிலிருந்தே கணிக்கச் சொன்னால் துணி வெடித்துப் பறக்கும். ஷாட் தொடங்குவதற்கு முப்பது, நாற்பது பிரேம் முன்பே நாயகனைச் சாதாரண நிலையில் நிறுத்தி, மெல்ல முதல் நிலைக்குக் கொண்டுவந்தால்தான் துணி ஒழுங்காகத் தொங்கும். அப்படியும் குனியும்போது முதுகுக்குள் புகுந்துவிடும்; கையால் திருத்த வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களில் பல நாயகர்களுக்கு மேலங்கி குட்டையாகவோ இல்லாமலோ இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் மகளுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது ரிக்கிங் பகுதியை. சிலை போன்ற உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் வைத்து, அனிமேட்டர் பிடித்து அசைக்கும் கட்டுப்பாடுகளை அமைக்கும் வேலை இது. பறக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் தோள்பட்டை நசுங்கும், தோள்கவசம் கன்னத்தில் குத்தும். இவற்றை முன்கூட்டியே சோதித்துச் சரிசெய்ய வேண்டும். பாதித் தொடர் ஓடியபின் ரிக்கை மாற்றினால் முடித்த ஷாட்டுகள் உடையும். வரையும் கை தேவையில்லை. கணிதம், உடலமைப்பு அறிவு, பைத்தான் நிரல், பொறுமை, இவ்வளவும் வேண்டும். அறிவியல் பிரிவுப் பிள்ளை இங்கே ஒரு படி முன்னாலேயே நிற்கிறாள்.

ஒவ்வொரு பிரேமையும் கணினி இறுதிப் படமாகக் கணித்துத் தரும் ரெண்டரிங்கும் அப்படித்தான், வரையும் கை தேவையில்லை. பிரேமுக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரே கணினியில் 5,280 மணி நேரம். 50 கணினிகளில் நாலரை நாள் அளவு. யாரோ ஒருவர் துணியின் வண்ணக் கோப்பைத் தன் சொந்தக் கணினியில் சேமித்துவிட்டால் மற்றக் கணினிகளுக்கு அது தெரியாது; விடிந்து பார்த்தால் நாயகன் சாம்பல் நிறத்தில் நிற்பான், ஓர் இரவு போச்சு. கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கும் பழக்கத்தை இப்போதே பழகட்டும்.

தமிழ் நன்றாக வரும் பிள்ளைகளுக்கு டப்பிங் வசனமும் உண்டு. மலாயில் நாயகன் “ஜோம்!” என்கிறான். “வாங்க, கிளம்பலாம்” என்று எழுதினால் வாய் மூடியபின்னும் குரல் ஓடிக்கொண்டிருக்கும். “வாடா” என்றால் நேரத்துக்குள் அடங்கும், ஆனால் திரையில் உதடு மூடும்போது குரல் திறந்தே இருக்கும். “போவோம்!” என்று வைத்தால் உதடு குவிவதும் கடைசியில் மூடுவதும் பொருந்தும். இதில் ஆசை உள்ளவர்கள் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழைப் பாடமாக எடுப்பதை விட்டுவிடக் கூடாது.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். சைபர்ஜெயாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் அஸ்வாரா என்ற தேசியக் கலைக் கல்விக்கழகம், சன்வேயிலும் பினாங்கிலும் தி ஒன் அகாடமி என இடங்கள் உள்ளன. எங்கே போனாலும் அந்தக் குறிப்பிட்ட படிப்பு, உயர்கல்விக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்.க்யூ.ஏ.வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்; அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் கிடைக்காது. கையேட்டில் உள்ள பளபளப்பான படத்தைப் பார்க்காதீர்கள். கடந்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் செய்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதில் யார் எதைச் செய்தார் என்று கேளுங்கள். ரிக்கிங்கை யார் சொல்லித் தருகிறார், அவர் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவரா என்றும் கேளுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் துறையில் ஒப்பந்த வேலை அதிகம். தொடரின் ஒரு பருவம் முடிந்தால் அடுத்தது தொடங்கும்வரை இடைவெளி வரலாம், ஒளிபரப்புத் தேதி நெருங்கினால் இரவு நீளும். வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழுக்கு முன் பார்ப்பது ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கும் மாதிரிக் காணொளியைத்தான். சிறந்ததை முதலில் வைக்க வேண்டும், கூட்டு வேலையில் தன் பங்கு எது என்று எழுத வேண்டும்.

இப்போதைக்கு விலையுயர்ந்த கணினி வாங்க வேண்டாம். எஸ்.பி.எம். எழுதி முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களில், வீட்டில் இருக்கும் கணினியில் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொடுங்கள். முதலில் பந்து ஒன்று குதிக்க 48 பிரேம். அடுத்து மாவு மூட்டை ஒன்று மேசையிலிருந்து குதிக்கட்டும். கடைசியாக மூன்று எலும்பு வைத்து ஒரு கை. மூன்றில் எதைத் தவறு வந்தபின்னும் விடாமல் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறாள் என்று கவனித்து எங்களுக்கு எழுதுங்கள், அம்மா. எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்பதை அதை வைத்தே பேசலாம்.