கிண்டிலா, காகிதப் புத்தகமா: நீங்கள் எந்தக் கட்சி?

கேள்வி இது: "கிண்டில் மாதிரி மின்னூல் படிக்கும் இ-ரீடர் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். புத்தக வாசனை, தாளைப் புரட்டும் சுகம் எல்லாம் போய்விடும் என்று ஒரு கூட்டம் பயமுறுத்துகிறது. ஆயிரம் புத்தகம் உள்ளங்கைக்குள் அடங்கும்போது இன்னும் என்ன வாசனை என்று இன்னொரு கூட்டம் சிரிக்கிறது. நீங்கள் எந்தக் கட்சி?"

இரண்டு கட்சியிலும் இருந்து அடி வாங்கியவன் நான். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வாசனையை முதலில் முடித்துவிடலாம். பழைய புத்தகத்தில் வரும் அந்த லேசான இனிப்பு வாசனை, காகிதத்திலுள்ள லிக்னின், செல்லுலோஸ் என்ற மரப்பொருள்கள் சிதைவதால் வருவது. புத்தகம் மெல்லச் செத்துக்கொண்டிருக்கும் வாசனை அது. போதாததற்கு நம் வீடுகளில் அதன்மேல் அந்துருண்டை வாசனையும் சேர்ந்துகொள்ளும். எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் அதற்காக ஒருவரோடு ஒருவர் பேச்சு வார்த்தையை முறித்துக்கொள்ளும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

கண் வலிக்கும் என்கிற வாதமும் பாதிதான் சரி. போனில் படித்துவிட்டு இ-ரீடரைத் திட்டுபவர்கள் நிறைய. போன் திரை நம் கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்கிறது. இ-ரீடரின் மின்மைத் திரை (இ-இங்க்) அப்படி வேலை செய்வதில்லை. தலைமுடி கனத்துக்குக் குட்டிக் குட்டிக் குமிழ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும். மின்புலத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். போன துகள் போன இடத்திலேயே நிற்கும் என்பதால் பக்கம் திருப்பும்போது மட்டும்தான் படத்துக்கு மின்சாரம் செலவு. அறை வெளிச்சம் அதன்மேல் பட்டுத்தான் நாம் படிக்கிறோம், காகிதத்தில் படிப்பதைப் போலவே. வாராவாரம் சார்ஜ் போடத் தேவையில்லாத ஒரே மின்சாமான் எங்கள் வீட்டில் இதுதான்.

சரி, அடி வாங்கிய கதைக்கு வருகிறேன்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது அடையாற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரும்பு பீரோவின் கீழ் இரண்டு தட்டும் அப்பாவின் புத்தகங்கள். நீர் வடிந்து மூன்றாம் நாள் வந்து பீரோவைத் திறந்தால், ஒரு புத்தகத்தைக்கூட உருவ முடியவில்லை. ஊறிப் பெருத்து, அட்டையோடு அட்டை ஒட்டி, பக்கவாட்டுத் தகரத்தையே வெளியே தள்ளியிருந்தன. கடப்பாரை வைத்து நெம்பித்தான் எடுத்தோம். வந்ததெல்லாம் செங்கல் செங்கலாக வந்தது. அதில் எது எந்த நாவல் என்று அப்பா முதுகுத் துணியின் நிறத்தை வைத்து அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய பேப்பர்காரர் ஈரம் என்று எடைக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

என்னுடைய இ-ரீடர் ஆபீஸ் பையில் இருந்ததால் தப்பித்தது. அடுத்த ஒரு வருடம் நான் கிண்டில் கட்சியின் தலைமைப் பேச்சாளர். "மேகத்தில் இருக்கும் புத்தகத்தை மழை என்ன செய்யும்?" என்று, கிளவுட் சேமிப்பை வைத்து ஒரு வசனம்கூட வைத்திருந்தேன். கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

அந்த மிதப்பில் வேறொரு மின்னூல் கடையிலும் கணக்குத் தொடங்கி முப்பது சொச்சம் புத்தகம் வாங்கினேன். சில வருடத்தில் அந்தக் கடை மூடப்பட்டது. மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல். இந்தத் தேதிக்குப் பிறகு உங்கள் நூலகம் திறக்காது, அதற்குள் படித்து முடித்துக்கொள்ளுங்கள் என்று. வெள்ளம்கூட அப்படி முன்கூட்டிச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு நடந்தது பெரிய அதிசயமும் இல்லை. 2004இல் ஜப்பானில் சோனி விட்ட லிப்ரியே என்ற கருவிதான் கடைக்கு வந்த முதல் மின்மை இ-ரீடர். அதில் இறக்கிய புத்தகங்கள் 60 நாளில் காலாவதியாகிவிடும், தயிர் பாக்கெட் மாதிரி. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்கள் எல்லாம் மறைந்தன. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மேலே 25 டாலர் தந்தார்கள். அதை நியாயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நான் வாங்கிய புத்தகத்தை ராத்திரியில் வந்து எடுத்துக்கொண்டு, தலையணைக்குக் கீழே சரியான விலையை வைத்துவிட்டுப் போகிறவனை என்னவென்று கூப்பிடுவது?

இதில் எல்லாரும் சொல்லும் கதை 2009 ஜூலையில் நடந்தது. அமேசான் தன் வாடிக்கையாளர்களின் கிண்டில்களிலிருந்து சில புத்தகங்களைத் தூரத்திலிருந்தே அழித்தது. அவற்றை விற்ற நிறுவனத்துக்கு அமெரிக்காவில் உரிமை இல்லையாம். அழிக்கப்பட்டவை ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை'. அரசுக்குப் பிடிக்காத தாளையெல்லாம் ஒரு பொந்தில் போட்டு எரிக்கிற நாவலே '1984'தான்! இப்படி ஒரு பொருத்தத்தைக் கதையில் எழுதினால் எந்த ஆசிரியரும் வெட்டிவிடுவார். பள்ளிக்கூட வேலைக்காக அதில் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு மாணவன், குறிப்புகள் பயனற்றுப் போயின என்று வழக்கே போட்டான். ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கேட்டவர்களுக்குப் புத்தகத்தைக் குறிப்போடு திருப்பியும் கொடுத்தார்கள்.

கொடுத்தார்கள், சரி. எட்டி எடுக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அறிவியல் புனைகதை எழுதியவர்கள் புத்தகத்துக்கு ஆபத்து நெருப்பிலிருந்து வரும் என்று நினைத்தார்கள். தீயணைப்பு வண்டி, மண்ணெண்ணெய், சீருடை. அவர்களில் பெரியவரான ரே பிராட்பரி மின்னூலையும் நெடுநாள் விடாப்பிடியாக எதிர்த்தார். 91 வயதில், 2011இல்தான், புத்தகங்களை எரிக்கும் காலத்தைப் பற்றிய தன் நாவல் 'ஃபாரன்ஹீட் 451' மின்னூலாக வர ஒத்துக்கொண்டார். ஆபத்து இப்படி, முழுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளர் சேவை மூலமாக வரும் என்று எந்த நாவலிலும் நான் படிக்கவில்லை. ஆனால் அவர் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தார். அந்தக் கதையில் புத்தகத்தைக் காப்பாற்றுவது நூலகமோ இரும்புப் பெட்டியோ கிடையாது. ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராக அலையும் மனிதர்கள்.

இதை எழுதும்போது எங்கள் மாமா நினைவுக்கு வருகிறார், அவருக்கு மனப்பாட சக்தி சுத்தமாகக் கிடையாது என்றாலும்.

எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தபோது அப்பா வாராவாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்த வயதுக்காரர்கள் வீட்டில் இது தெரிந்த வழக்கம்தான். கதையில் எல்லாருக்கும் இரண்டெழுத்துப் பெயர், புத்தகம் படிக்கும் ஜீனோ என்கிற இயந்திர நாய். அப்பாவுக்கு ஜீனோ என்றால் உயிர். தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்து, காலிகோ துணி முதுகும் மைதாப் பசையுமாக ஒரு தொகுப்பு ஆக்கினார். பக்கத்தின் பின்புறம் பாதி சமையல் குறிப்பு, தலையில்லாத ஜோக், சட்டைத் துணி விளம்பரம். நடுவில் ஒரு வாரம் பேப்பர்காரர் பத்திரிகை போடவில்லை. அந்த இடத்தில் அப்பா ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பைண்டு செய்திருந்தார். ஆபீஸ் நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த வாரக் கதையை நாலு வரியில் எழுதி, கடைசியில் "படம் நன்றாக இருந்ததாம்" என்று முடித்திருந்தார்.

வெள்ளத்தில் அப்பாவின் சேகரிப்பில் தப்பித்தது அது ஒன்றுதான். காரணம், கரூர் மாமா அதை 1998இல் இரவல் வாங்கிப் போனார். திருப்பித் தரவில்லை.

நான் சொல்ல வந்ததே இதுதான். காகிதக் கட்சி வாசனையைப் பற்றிப் பேசுகிறது, கிண்டில் கட்சி எடையைப் பற்றிப் பேசுகிறது, இரவலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாங்கிய புத்தகத்தை நான் கொடுக்கலாம், தொலைக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், திருப்பித் தராத மாமாவிடம் மாட்டிவிடலாம். இந்த உரிமை சும்மா வந்ததும் இல்லை. அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் தன் நாவலில் "இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் உரிமை மீறல்" என்று அச்சடித்தது. மேசீஸ் என்ற பெரிய கடைக்காரர்கள் கண்டுகொள்ளாமல் 89 சென்ட்டுக்கு விற்றார்கள். 1908இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஒருமுறை விற்றால் விற்றதுதான், அதற்குப் பிறகு அந்தப் பிரதியின்மேல் உனக்குப் பிடி இல்லை. உலகத்துப் பழைய புத்தகக் கடைகளின் நியாயம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. மின்னூலுக்கு அது செல்லுபடியாகாது. பழைய மின்னூலை மறுவிற்பனை செய்ய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2019இல் சொல்லிவிட்டது. கிண்டிலில் இரவல் கொடுக்க ஒரு வசதி 2010 கடைசியில் அமெரிக்காவில் வந்தது: ஒரு புத்தகத்தை ஒரே ஒருவருக்கு, ஒரே ஒருமுறை, 14 நாள். அந்தப் பதினாலு நாளும் கொடுத்தவரால் படிக்க முடியாமல் இருந்தது. எங்கள் மாமாவுக்குப் பதினாலு நாள் என்பது புத்தகத்துக்கு உறை போடும் காலம்.

"வாங்கு" என்ற பொத்தானை அழுத்தும்போது நாம் வாங்குவது படிக்கும் அனுமதியைத்தான். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் இதற்கு ஒரு சட்டம் வந்திருக்கிறது. விற்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக்கூடாது. அதே வருடம் பிப்ரவரி 26ஆம் தேதியிலிருந்து, வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழியையும் அமேசான் எடுத்துவிட்டது. சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள்.

இதெல்லாம் கேட்டு நீங்கள் வாங்காமல் இருந்துவிடாதீர்கள். நான் இன்றைக்கும் ராத்திரி இ-ரீடரில்தான் படிக்கிறேன். அப்பாவும் அப்படித்தான், கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு. எழுத்தை எட்டாம் அளவுக்கு ஏற்றிக் கொடுத்தேன். ஆறு அங்குலத் திரையில் "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்ற ஒரு சொல் முழு வரியையும் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த வரிக்கும் தள்ளும். இரண்டு பக்கமும் சமப்படுத்தும் அமைப்பை விட்டுவைத்தால் வரிக்கு இரண்டு சொல், நடுவில் ஒரு மைதானம். அதை முதலில் அணைத்துவிடுங்கள், இடப்பக்கம் மட்டும் ஒட்டியிருக்கட்டும். அகராதியையும் பெரிதாக நம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் சொல்லைத் தொட்டால் பொருள் வரும். நம் மொழியில் வேற்றுமை உருபும் சந்தியும் ஏறி உட்கார்ந்த சொல்லைத் தொட்டால் "இல்லை" என்று கையை விரிக்கும். முன்பு இதற்கும் வழியில்லை. தமிழ்க் கோப்பைப் போட்டால் பெட்டி பெட்டியாகத் தெரியும். அதனால்தான் கட்டற்ற தமிழ் மின்னூல்கள் போடும் தன்னார்வலர்கள் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃப் செய்து கொடுத்தார்கள். கிண்டில் கடையில் தமிழ் முறையாக ஏறியது 2016 டிசம்பரில்.

நான் எப்படிச் செய்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன். ஒருமுறை படித்தால் போதும் என்கிற துப்பறியும் கதை, தொழில்நுட்பப் புத்தகம் எல்லாம் நகலெடுக்கவோ கொடுக்கவோ முடியாதபடி பூட்டுப் போட்ட மின்னூல்தான், போனால் போகிறது. பழைய இலக்கியத்துக்கு இணையத்தில் இலவச மின்னூல் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது. இரண்டிலும் எடுத்த கோப்பு என் கோப்பு, தம்பிக்கு அனுப்பலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, 'பொன்னியின் செல்வ'னுக்குக் காசு கொடுக்கும் முன் இரண்டு நிமிடம் யோசியுங்கள். யாருக்காவது கொடுக்கத் தோன்றும் புத்தகம் என்றால் மட்டும் காகிதம். கடையில் நிற்கும்போதே "இதை அவளுக்குக் கொடுக்கலாமே" என்று ஒரு முகம் மனதில் வந்தால், அப்போது விலையைப் பார்ப்பதில்லை.

அப்பாவுக்காக 'என் இனிய இயந்திரா'வை மின்னூலாகவும் வாங்கினேன். பெரிய எழுத்தில் இரண்டே நாளில் முடித்தார். அவர் தவறவிட்ட வாரமும் அதில் இருந்தது, படம்தான் இல்லை.

அந்தப் படத்தையே பார்க்காதவர், மற்ற வாரத்துப் படங்களையாவது பார்க்க வேண்டும் என்று போன மாதம் ஆரம்பித்தார். கரூருக்குப் போன் போட்டேன்.

"தர்றேன் மாப்ள, இன்னும் முடிக்கல" என்றார் மாமா. "நடுவுல ஒரு வாரம் உங்கப்பா கையெழுத்து புரியல."