பாலேயும் செவ்வியல் இசையும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாலே ருஷ்யக் கலை என்றே எண்ணியிருந்தேன். அது சரிதானா?

பதில்: ருஷ்யா பாலேவுக்குப் புகுந்த வீடு. இத்தாலிய அரண்மனைக் கேளிக்கைகளில் வேர்கொண்ட இந்த ஆட்டம், பிரெஞ்சு அரசவையில்தான் இலக்கணம் பெற்றது. மன்னர் பதினான்காம் லூயி 1653ஆம் ஆண்டில், தம் 14ஆம் வயதில், சூரியனாக வேடமிட்டு மேடையில் ஆடினார். 1661இல் நடனத்துக்கென ஓர் அரச அகாடமியையே நிறுவினார். அடவுகளின் பெயர்கள் உலகெங்கும் இன்றும் பிரெஞ்சிலேயே வழங்குவதற்கு இதுவே காரணம். ருஷ்ய பாலேவின் தந்தையாகப் போற்றப்படும் நடன அமைப்பாளர் மரியஸ் பெத்திபாவும், பிரான்சின் மார்செய் நகரில் பிறந்து 1847இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வேலை தேடிச் சென்றவரே.

கேள்வி: பாடல் வரிகளே இல்லாதபோது கதை எப்படிப் புரிகிறது?

பதில்: வழிவழியாக வந்த சில சைகைகள் உண்டு. முகத்தைச் சுற்றிக் கையை வட்டமிட்டால் அழகு; மோதிர விரலைச் சுட்டினால் திருமணம். ஆனால் கதையின் உணர்ச்சியைச் சுமப்பது இசையே. அடால்ஃப் ஆடம் இசையமைத்து 1841இல் பாரிஸில் அரங்கேறிய ‘ஜிசெல்’ இதற்கு நல்ல சான்று. காதலனுடன் பூவிதழ்களைக் கிள்ளி எண்ணி விளையாடும்போது ஒலித்த மெட்டு, அவன் தன்னை ஏமாற்றியதை அறிந்து நாயகி சித்தம் கலங்கும்போது சிதறித் திரும்புகிறது. அவள் நினைவில் என்ன ஓடுகிறது என்பதை எவரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: முதலில் எழுதப்படுவது இசையா, நடனமா?

பதில்: 19ஆம் நூற்றாண்டு ருஷ்யாவில் நடனத் திட்டமே முதலில் வந்தது. பேரரசின் அரங்குகளில் பாலே இசையமைப்பாளர் என்று சம்பளப் பணியே இருந்தது. சேசரே பூனியும், அவருக்குப் பின் லுட்விக் மின்குஸும் அதில் அமர்ந்து, நடன அமைப்பாளர் கேட்ட அளவுக்கும் தாளத்துக்கும் ஏற்ப இசை எழுதிக் கொடுத்தனர். அவர்களை எளிதாக மட்டம் தட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மின்குஸின் ‘லா பயதேர்’ (1877) பாலேயில் வெண்ணிற ஆடை அணிந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்கி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் காட்சிக்கு, கவனத்தைத் தன்பால் இழுக்காத அந்த எளிய மெட்டே பொருந்துகிறது.

அந்தப் பணியிடம் நீக்கப்பட்ட பிறகு, அரங்குகளின் இயக்குநர் விசேவலோஷ்ஸ்கி, சிம்பொனிகளால் புகழ்பெற்றிருந்த சைக்கோவ்ஸ்கியை அழைத்தார். அவருக்கும் பெத்திபா விரிவான பட்டியலையே தந்தார்: இந்த இடத்தில் இன்ன தாளம், இன்ன வேகம், இத்தனை ‘பார்’ (இசையை அளக்கும் தாள அலகு) நீளம் என்று. 1892இல் அரங்கேறிய ‘நட்கிராக்கர்’ பாலேயில் கிறிஸ்துமஸ் மரம் மாயமாக வளரும் காட்சிக்கு அவர் கேட்டது, ஒலி பெருகிக்கொண்டே செல்லும் 48 பார் இசை. சைக்கோவ்ஸ்கி ஒரு சிறு சொற்றொடர் போன்ற மெட்டை எடுத்து, அதைப் படிப்படியாக மேல் சுரங்களுக்கு ஏற்றிக்கொண்டே போனார். கண்ணை மூடிக்கொண்டாலும் மரம் வளர்வது கேட்கும். சர்க்கரைத் தேவதையின் ஆட்டத்துக்கோ, நீரூற்றின் துளிகள் தெறிப்பது போன்ற ஒலி வேண்டுமென்றார் பெத்திபா. பாரிஸில் தாம் கண்டிருந்த செலஸ்டா என்னும் புதிய வாத்தியத்தை அதற்காகவே சைக்கோவ்ஸ்கி வரவழைத்தார்; சக இசையமைப்பாளர்களான ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் முந்திக்கொள்ளக் கூடாதென்று, அதை இரகசியமாக வைக்கும்படி தம் பதிப்பாளருக்கு எழுதினார். இந்தக் கண்டிப்பான அளவுகள் இல்லாமலிருந்தால் இவ்வளவு செறிவான இசை பிறந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

கேள்வி: ‘ஸ்வான் லேக்’ முதலில் தோல்வியா?

பதில்: 1877இல் மாஸ்கோவில் அரங்கேறியபோது அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. இன்று நாம் காணும் பெரும்பாலான மேடையேற்றங்கள், இதற்கு இசையமைத்த சைக்கோவ்ஸ்கி மறைந்த பின் 1895இல் பெத்திபாவும் லெவ் இவானோவும் புதிதாக அமைத்த வடிவத்திலிருந்து வந்தவை.

கேள்வி: ஆடுபவர் இசைக்குழுவைப் பின்பற்றுகிறாரா, இசைக்குழு ஆடுபவரையா?

பதில்: குழு நடனத்தில் பெரும்பாலும் இசையே வழிநடத்தும். தனி நடனத்தில், நடத்துநர் ஒரு கண்ணை மேடைமீது வைத்தே ஆக வேண்டும். உயரத் தாவுபவர் தரையிறங்கச் சற்றுக் கூடுதல் நேரம் எடுப்பார், அதற்கு இசை இடம் கொடுக்க வேண்டும். ஒலிப்பதிவுக்கு ஆடும்போது இந்த விட்டுக்கொடுத்தல் இல்லாமல் போகிறது. பல பள்ளிகளில் அன்றாடப் பயிற்சிக்கே பியானோ கலைஞரை அமர்த்துவதும் இதனால்தான்.

கேள்வி: ‘லா பயதேர்’ இந்தியக் கதை அல்லவா? நம் இசை அதில் உண்டா?

பதில்: கதைக்களம் இந்தியக் கோயில், இசை வால்ட்ஸும் போல்காவும் வழங்கிய ஐரோப்பாவினுடையது. எனினும் மெய்யான தொடர்பு ஒன்று உண்டு. கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசிக் குழுவினர் 1838இல் பாரிஸில் ஆடினர். பின்னர் ‘ஜிசெல்’ கதையை உருவாக்கியவர்களுள் ஒருவரான தியோஃபில் கோத்தியே, அக்குழுவின் அமனியைப் புகழ்ந்து எழுதினார்.

கேள்வி: கதையே இல்லாத பாலேயை எப்படி இரசிப்பது?

பதில்: அங்கே இசைதான் கதை. நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின் ஓர் இசையமைப்பாளரின் மகன். இசைக் கல்லூரியில் பயின்றவர். இசையமைப்பாளர் பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவுக்கு (இரு வயலின்களும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1941இல் அவர் அமைத்த ‘கான்செர்ட்டோ பரோக்கோ’வில், இரு வயலின்களின் உரையாடலை இரு முதன்மை நடனமணிகள் ஏற்கின்றனர். முதலில் இசையை மட்டும் இருமுறை கேட்டுவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதியவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ‘நட்கிராக்கர்’ முழு இசையிலிருந்து. கச்சேரிகளில் அடிக்கடி வாசிக்கப்படும் எட்டுப் பகுதிகள் கொண்ட தொகுப்பு இனிமையானதே. ஆனால் மேலே சொன்ன மரம் வளரும் இசை அதில் இல்லை.