கும்பிடு போட எத்தனை தட்டு?

கே: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் கும்பிடும் கைகளையும் (🙏) கேக்கையும் (🎂) தேடித் தேடி அனுப்புகிறேன். இரண்டு மூன்று எழுத்து அடித்தாலே இமோஜி வருகிற மாதிரி ஆண்ட்ராய்டு போனில் செய்ய முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: தாராளமாக. உங்களுடையது கூகுளின் ஜிபோர்டு கீபோர்டு என்றால் அதன் செட்டிங்ஸைத் திறந்து டிக்‌ஷனரி, அதற்குள் பர்சனல் டிக்‌ஷனரி, பிறகு மொழி என்று போங்கள். மேலே இருக்கும் கூட்டல் குறியைத் தட்டினால் இரண்டு கட்டங்கள் வரும். மேல் கட்டத்தில் 🙏. கீழே, ஷார்ட்கட் கட்டத்தில் 'நநந'. இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது.

இனி நநந என்று அடித்ததும் எழுத்துகளுக்கு மேலே உள்ள பரிந்துரை வரிசையில் 🙏 எட்டிப் பார்க்கும். அதை நீங்கள்தான் தட்ட வேண்டும். கவனிக்காமல் அனுப்பினால் நநந என்றே போய்ச் சேரும். சித்தப்பா என்னவென்று கேட்பார்.

பரிந்துரையே வரவில்லை என்றால் முதலில் மொழியைப் பாருங்கள். தமிழின் கீழ் சேமித்தது ஆங்கிலக் கீபோர்டில் வராது. தங்கிலீஷில் அடிப்பவர்கள் ஆங்கில எழுத்திலேயே சுருக்கம் வைத்து, ஆங்கிலத்தின் கீழ் சேமிப்பது நல்லது. பரிந்துரை வரிசை அணைக்கப்பட்டிருந்தாலும் இதே கதைதான். டெக்ஸ்ட் கரெக்‌ஷன் பகுதியில் அதை இயக்கலாம்.

ஒரு யோசனை: ஐம்பது சுருக்கம் வைத்தால் எதுவும் நினைவில் நிற்காது. அன்றாடம் அனுப்பும் நாலைந்து போதும்.

கே: ஐபோனில்?
– வாசகர், திருச்சி

ப: செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட். 'ஃப்ரேஸ்' கட்டத்தில் இமோஜி, 'ஷார்ட்கட்' கட்டத்தில் சுருக்கம். இங்கே ஸ்பேஸ் தட்டியதும் தானாகவே மாறிவிடும். அதனால்தான் பேச்சில் புழங்கும் சொல்லைச் சுருக்கமாக வைக்கக் கூடாது. கேக்குக்கு 'பால்' என்று வைத்தால், பால் வாங்கி வரச் சொல்லும்போது கேக் வந்து நிற்கும்.

கே: அலுவலகத்தில் விண்டோஸ் கணினி. அங்கே என்ன வழி?
– வாசகர், ஈரோடு

ப: விண்டோஸ் விசையையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் இமோஜிப் பலகை திறக்கும். ஆங்கிலத்தில் பெயரை அடித்துத் தேடலாம். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் ஒன்றாக அழுத்த வேண்டும்.

சுருக்கம்தான் வேண்டும், அதுவும் எல்லா மென்பொருளிலும் வேண்டும் என்றால் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருள் உண்டு. அதற்கான .ahk கோப்பில் ஒரே வரி:

::/1::🙏

கோப்பை இயக்கிவிட்டு /1 அடித்து ஸ்பேஸ் தட்டினால் கும்பிடு வரும். பழைய பதிப்பு 1 என்றால் கோப்பை நோட்பேடில் 'யுடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் இமோஜிக்குப் பதில் புரியாத குறிகள் வரும்.

கே: அவுட்லுக்கில் :) போட்டு அனுப்பினேன். எதிர்முனையில் ஆங்கில 'ஜே' எழுத்து தெரிகிறதாம்!
– வாசகி, மதுரை

ப: அவுட்லுக்கின் ஆட்டோகரெக்ட் :) குறியை விங்டிங்ஸ் எழுத்துருவில் உள்ள சிரிப்பு முகமாக மாற்றுகிறது. அந்த எழுத்துருவில் 'ஜே' இருக்கும் இடத்தில்தான் சிரிப்பு முகம் இருக்கிறது. எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஜே மட்டும் மிஞ்சும். மாறிய உடனே கன்ட்ரோலுடன் இசட் அழுத்தினால் பழையபடி :) ஆகும். நிரந்தரமாக நிறுத்த, ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், ஸ்பெல்லிங் அண்ட் ஆட்டோகரெக்ட் வழியாக ஆட்டோகரெக்ட் பட்டியலைத் திறந்து அந்த வரியை நீக்குங்கள். அதே பட்டியலில் :) குறிக்கு எதிரே 🙂 என்று நீங்களே சேர்த்தும் விடலாம்.